சவூதியில் மாடு பார்த்தவர்

திருவாதவூர்க் கண்மாய்ப் பக்கம் வந்தால் ஆடு, மாடு, கொக்கு, கீரி, ஊரான் நெல்லில் மேயும் மயில் எல்லாவற்றையும் பார்க்கலாம். இதுகளோடு சேராத ஓர் இனமும் உண்டு: சவூதியில் மாடு பார்த்தவர். கூட்டமாகத் திரியாது, டீக்கடைக்கு ஒன்று வீதம் பெஞ்சில் இருக்கும். அடையாளம் கேட்கிறீர்களா? நம்மூர் மாடு குறுக்கே போனால் முகத்தைச் சுளிக்கும். வாயைத் திறந்தால் "அங்கிட்டெல்லாம்" என்றுதான் தொடங்கும்.

எங்களுக்கு வாய்த்தவர் முத்துக்கருப்பன் அண்ணன். சவூதிப் பால்பண்ணை ஒன்றில் ஆறு வருஷம் இருந்துவிட்டு, தொண்ணூற்றெட்டில் ரேடியோவும் கேசட்டும் பாடும் ஒரு டூ-இன்-ஒன், இரண்டு கம்பளி, ஏராளமான அபிப்பிராயங்கள் சகிதம் வந்து இறங்கினார். அங்கே கொட்டகைக்கு ஃபேன், மாட்டுக்கு ஷவர், காதில் நம்பர். அந்த நம்பரைச் சொல்லிக் கூப்பிட்டால் பசு தானே வந்து மெஷினில் நிற்குமாம். நம்பரை அரபியில் கூப்பிடுவீர்களா, தமிழிலா என்று கேட்டால் கோபம் வரும். கேட்டேன், வந்தது. அங்கே மயில் கூண்டுக்குள் ஒழுக்கமாக இருக்குமாம். நரிகூட லைட்டைக் கண்டால் ஒதுங்கி வழி விடுமாம். வெயில் ஐம்பது டிகிரி என்பதை மட்டும் சொல்ல மாட்டார்.

பேசியதோடு நின்றிருந்தால் சேதமில்லை. சோணையம்மாள் அத்தையின் நாட்டுப்பசு இரண்டாவது கன்று போட்டது. புருஷன் இல்லாத அத்தைக்கு அந்தப் பால்தான் சோறு. அண்ணன் போய் நின்றார். அங்கே கன்று விழுந்த அன்றே தாயிடமிருந்து பிரித்து, பாட்டிலில் பால் புகட்டுவார்களாம். மடிப்பால் மொத்தமும் நமக்காம். பிளேனில் போய்வந்தவர் பொய் சொல்வாரா? கன்று அண்ணன் வீட்டுக் கொல்லைக்குப் போனது.

நாட்டுமாடு, கன்று முட்டினால்தான் பாலை இறக்கும். எட்டாவதில் இரண்டு வருஷம் உட்கார்ந்த எனக்கே தெரியும். அத்தைக்குத் தெரியாதா? தெரியும். ஆறு வருஷச் சவூதிக்கு முன்னால் அதைச் சொல்லக் கூச்சம்.

முதல் நாள் சொட்டுப் பால் இல்லை. இரண்டாம் நாள் மடி கல்லாக இறுகிச் சுட்டது. கொல்லையில் கன்று பாட்டிலைத் தொடாமல் படுத்துவிட்டது. அண்ணன் அசந்தாரா? அங்கே மாட்டுக்குப் பாட்டுப் போடுவார்கள் என்று டூ-இன்-ஒன்னைக் கொண்டுவந்து பசுவின் பின்னங்காலருகே வைத்தார். சவூதி மாடு உதைக்காது போலிருக்கிறது. எங்கள் மாடு உதைத்தது. கேசட் மூடி சாணியில் போய் விழுந்தது.

அத்தை சிரிக்கவில்லை. "மடி செத்துப்போச்சுன்னா இத அடிமாட்டுக்குத்தான் ஓட்டணும் தம்பி," என்றாள் அண்ணனிடம், மெதுவாக.

அன்று சாயங்காலம் கொல்லையில் கன்றின் கயிறு தானாக அவிழ்ந்தது. தானாகத்தான் என்று இன்றுவரை சாதிக்கிறேன். கன்றுக்கு எழுந்திருக்கவே தெம்பில்லை. ஆகவே தெருவையும் அது தானாகவே பறந்து கடந்திருக்க வேண்டும். பசு அதை நக்கிய நக்கில் கன்று தள்ளாடி எழுந்து, மடியைத் தேடி முட்டியது. மூன்று காம்பில் பால் இறங்கியது. நாலாவது அடைத்தது அடைத்ததுதான்.

விஷயம் தெரிந்து அண்ணன் வந்தார். நான் வைக்கோல்படப்புக்குப் பின்னால் போய்விட்டேன். அவர் யாரையும் வையவில்லை. கன்று குடிப்பதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அங்கிட்டு கன்னுக்குட்டியத் தூக்கிட்டுப் போறதுதாங்க்கா என் வேல," என்றார் அத்தையிடம். "தாய் மூணு நாளைக்குக் கத்தும். நான் காதுல துணிய அடச்சுக்கிருவேன்."

இதை மட்டும் அவர் பெஞ்சில் சொன்னதே இல்லை. மறுநாள் காலையில் பெஞ்சில்தான் இருந்தார்; அங்கே நாலு காம்பும் அளவெடுத்த மாதிரி இருக்கும் என்று விளக்கிக்கொண்டு.

சிரிக்கிறீர்கள். நீங்கள் சவூதிக்குப் போனதில்லை, சரி. கோயம்புத்தூரில் ஒரு வருஷம் இருந்துவிட்டு வந்து, அந்த ஊர்த் தண்ணீரின் ருசியை உங்கள் காளவாசல் குழாயடியில் நின்று பேசியவர் யார்? பேசுங்கள், நன்றாகவே பேசுகிறீர்கள். அங்கே எதற்குக் காதை அடைத்துக்கொண்டீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை.