பதினேழு விரிசலும் ஓர் ஏரிப் படமும்

உலகத்தில் ஒருவரைக்கூட நம்பாமல் ஒரு மனிதர் வயிறாரச் சாப்பிட முடியும் என்பதை ஸ்ரீபெரும்புதூர் மெஸ்ஸில் டவுட்டு அண்ணனிடம்தான் பார்த்தேன். கம்பெனிகள் வரத் தொடங்கிய காலம். கார் கம்பெனியில் பெயிண்டில் குறை கண்டுபிடிப்பது அவர் வேலை. மெஸ் சாம்பாரையும் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் ஊற்றிக்கொள்வார். "அண்ணே, மணி என்ன?" என்றால், "இன்னாத்துக்குக் கேக்குற?" என்பார்.

மெஸ் அக்காவின் அப்பா அதே இடத்தில் டீக்கடை வைத்திருந்தபோது வரைந்த ஏரிப் படம் ஒன்று சுவரில் தொங்கியது. விறகுப் புகை படிந்து கிடந்ததால் அது சாயங்கால ஏரி என்றே எல்லோரும் நினைத்திருந்தோம். அப்பாவின் போட்டோகூட இல்லாத அக்காவுக்கு மிச்சமிருந்தது அது ஒன்றுதான். சட்டத்தைக் கரையான் தின்னத் தொடங்கியதும், கம்பெனி ஹாஸ்டல் பையன்கள் நாங்கள் ஆளுக்கொரு நாள் ஓவர்டைம் காசைப் போட்டு, பழைய படங்களைச் சரிசெய்கிறவர் ஒருவரைச் சென்னையிலிருந்து வரவழைத்தோம்.

"ஒரிஜினல அமுக்கிட்டு டூப்ளிகேட்ட குடுத்துட்டான்னா?" என்றார் அண்ணன். அதோடு விட்டாரா? கம்பெனியில் செய்வதுபோலப் படத்திலிருந்த பதினேழு விரிசலையும் தாளில் குறித்து, வந்தவரிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்.

இரண்டு மாதம் கழித்துப் படம் புதுச் சட்டத்தில் திரும்பி வந்தது. பளிச்சென்று விடிகாலை ஏரி! அண்ணன் தாளை எடுத்தார்.

"பதினேழுல ஒண்ணுகூட இல்லியே! இன்னா சார் இது?"

"அதைச் சரிபண்ணத்தானே சார் குடுத்தீங்க?" பாவம், அந்த மனுஷனுக்கு அழுகையே வந்துவிட்டது.

எங்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அக்காவுக்கோ முகம் செத்துவிட்டது. "எங்கப்பா வரைஞ்சது சாயங்காலம்டா. இது வேற," என்றார். அதற்கப்புறம் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

அண்ணன் டார்ச்சோடு படத்தின்மேல் கவிழ்ந்தார். "மாட்டிக்கினாரு! கரை மேல ஒரு சின்னப் பொண்ணு குந்திக்கினு கீது பாருக்கா. நம்ம படத்துல ஏது பொண்ணு? அதுக்கு ஒரு கால்ல செருப்பையே காணோம். காப்பியடிக்கக்கூடத் தெர்ல!"

அக்கா கிட்டே போய்க் குனிந்து பார்த்தார். இத்தனை வருஷம் புகைக்கு அடியில் இருந்திருக்கிறாள் அந்தக் குழந்தை.

"ஏரியில ஒரு செருப்ப உட்டுட்டு வந்து அப்பாகிட்ட அடி வாங்கனேன்டா. அது நான்டா," என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அண்ணன் தாளை நாலாகக் கிழித்தார். "மன்ச்சுக்கோ சார். சாப்ட்டுத்தான் போவணும்," என்று அந்த மனுஷனுக்குத் தானே இலை போட்டார்.

எனக்கு நல்ல நண்பர்கள் நிறையப் பேர் உண்டு. ஆனாலும் என் பொருள் ஒன்று பறிபோய்விடுமோ என்று எனக்காக ஊரையே சந்தேகப்பட ஓர் ஆள் இன்றுவரை வாய்க்கவில்லை.