மாமியார் பேரில் ஒரு அனுமதிச் சீட்டு

என் கேம்பரை, அதாவது காருக்குப் பின்னால் இழுத்துப்போகும் அந்தச் சின்ன வண்டி வீட்டை, வீட்டு வாசலிலிருந்து ஓர் அங்குலம்கூட நகர்த்தப் போவதில்லை என்று ஒரு செவ்வாய்க்கிழமை காலை சபதம் செய்தேன். அப்போது என் மனைவி மிர்னா பக்கத்தில் இல்லை. அவள் பக்கத்தில் இருக்கும்போது நான் சபதம் எல்லாம் செய்வதில்லை. உடம்புக்கு ஆகாது.

காரணம், கதவில் ஒட்டியிருந்த மஞ்சள் காகிதம். எங்கள் ஹார்லன் ஃபால்ஸ் பேரூராட்சி எல்லாவற்றுக்கும் விதி வைத்திருக்கிறது. புல் எட்டு அங்குலத்துக்கு மேல் வளரக் கூடாது. குப்பைத் தொட்டி தெருவில் ஒரு நாளைக்கு மேல் நிற்கக் கூடாது. கிறிஸ்துமஸ் விளக்கை ஜனவரி பாதிக்குள் கழற்றிவிட வேண்டும். மூச்சு விடுவதற்குத்தான் இன்னும் விதி போடவில்லை, அடுத்த கூட்டத்தில் போட்டுவிடுவார்கள். காகிதம் சொன்னது இதுதான்: வீட்டுக்கு முன்னால் கேம்பர் எழுபத்திரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்கக் கூடாது. பின்பக்கம் கொண்டுபோய் நிறுத்து, இல்லையென்றால் நாங்கள் இழுத்துக்கொண்டு போவோம்.

"பின்னால தள்ளிட வேண்டியதுதானே?" என்றாள் மிர்னா, முட்டையைத் திருப்பிப் போட்டபடி.

"பின்னால இடம் இல்ல."

"ஏன் இல்ல?"

"டிரக் நிக்குது."

"அது நிக்கல, ஆர்வில். படுத்துக் கிடக்குது. பதினோரு வருஷமா."

"வர்ற கோடையில ஓட வச்சிடுவேன்."

"எந்த வருஷத்துக் கோடை? அதையும் சொல்லிடு, காலண்டர்ல குறிச்சுக்கறேன்."

உங்களிடம் மட்டும் உண்மையைச் சொல்கிறேன். அந்த டிரக் என் உயிர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்றில் செய்தது. நாலு டயரும் மண்ணில் புதைந்திருக்கும், நம்பர் பிளேட் கிடையாது, மேலே நீலத் தார்ப்பாய். ஓடாத, நம்பர் இல்லாத வண்டிக்குப் பேரூராட்சி வைத்திருக்கும் பெயர் 'குப்பை வண்டி'. கண்ணில் பட்டால் பத்து நாளில் எடுத்துவிட வேண்டும். இதுவரை அது யார் கண்ணிலும் படாததற்குக் காரணமே முன்னால் நிற்கும் கேம்பர்தான். கேம்பரை நகர்த்தினால் தெரு முழுக்க என் டிரக்கைப் பார்க்கும். அதனால்தான் அந்தச் சபதம்.

சட்டத்தைச் சட்டத்தாலேயே அடிக்க வேண்டும் என்று விதிப் புத்தகத்தை வாங்கி வந்து உட்கார்ந்தேன். நாற்பத்தொரு பக்கம். முப்பத்தெட்டாவது பக்கத்தில் புதையல் கிடைத்தது. வெளியூரிலிருந்து வரும் விருந்தாளி தங்குகிற கேம்பர், பதினாலு நாள் வீட்டு வாசலில் நிற்கலாம். விருந்தாளியின் பெயரை எழுதி அனுமதிச் சீட்டு வாங்கினால் போதும். பதினோரு வருஷத்தில் முடியாத டிரக் வேலையைப் பதினாலு நாளில் முடித்துவிடலாம் என்று எனக்கு அப்படி ஒரு நம்பிக்கை.

யார் பெயரை எழுதுவது? வம்பே அங்கேதான். என் தம்பி பெயரை எழுதினால் நிஜமாகவே வந்துவிடுவான், வந்தால் போக மாட்டான். வராத ஆளாக வேண்டும். என் மாமியார் ஹெட்விக், வடக்கு டகோட்டாவில் இருப்பவர், எங்கள் வீட்டு வாசலை மிதித்து ஆறு வருஷம் ஆகிறது. அவர் சுட்டுக்கொடுத்த 'ரூபார்ப் பை' என்ற புளிப்புப் பலகாரத்தை நான் நாய்க்குப் போட்டதை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டார். நாயும் அதைத் தின்னவில்லை என்பதுதான் அவருக்குக் கூடுதல் வருத்தம். "இனி இந்த வீட்டுப் படி ஏற மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனவர். இதைவிட நம்பகமான விருந்தாளி வேறு யார் கிடைப்பார்? எழுதிக் கொடுத்தேன்.

பேரூராட்சியின் விதி அதிகாரி கென்டல் படித்துப் பார்த்தான். அவன் கண் கலங்கிவிட்டது.

"மாமியாரையா கூப்பிடறீங்க? அதுவும் நீங்களா? எங்க வீட்டு ஆளுங்க உங்ககிட்ட பாடம் படிக்கணும் சார்."

"ஏதோ என்னால முடிஞ்சது," என்றேன், தரையைப் பார்த்தபடி.

மூன்றாம் நாள் மிர்னா கடையிலிருந்து வந்தாள். மளிகைப் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். இருபத்தாறு வருஷத்தில் சாயங்காலம் நாலு மணிக்கு அவள் என்னைக் கட்டிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

"கென்டலைக் கடைல பார்த்தேன். எல்லாம் சொன்னான். ஒரு வார்த்தை என்கிட்ட சொன்னியா, கள்ளா?"

"அது... வந்து..."

"அம்மாவுக்கு உடனே போன் போட்டேன். தேம்பித் தேம்பி அழுதா. 'மாப்பிள்ளை கூப்பிட்டாரா, எழுத்துல குடுத்தாரா'ன்னு பத்து தடவை கேட்டா. சனிக்கிழமை வர்றா."

"சனிக்கிழமையா? நம்ம கேம்பர் கூரை ஒழுகுதே! வயசானவங்க எப்படி..."

"அதைப் பத்தி நீ ஏன் கவலைப்படற? நான் பார்த்துக்கறேன்."

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பன்றி வறுவல், உருளைக்கிழங்கு, கிரேவி. எதற்காக இத்தனை உபசாரம் என்று யோசிக்காமல் இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டேன். கசாப்புக்கு முன்னால் ஆட்டுக்கும் நல்ல புல்தான் போடுவார்கள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் தெருவே அதிரும்படி ஒரு ஹாரன். எட்டிப் பார்த்தேன். குளிர் தொடங்கினால் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் வெயில் தேடி அரிசோனாவுக்குக் கிளம்பிவிடுவார்கள், வீட்டையே ஓட்டிக்கொண்டு. என் மாமியாரும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்திருந்த விஷயம் எனக்கு எப்படித் தெரியும்? பேச்சுவார்த்தை இருந்தால்தானே தெரியும்! வாசலில் நின்றது படுக்கை, சமையலறையோடு பஸ் மாதிரி ஒரு வண்டி, முப்பத்தாறு அடி நீளம். அதில் பாதி ஊர் ஏறலாம். ஸ்டியரிங்குக்கு மேலே மாமியாரின் நரைத்த தலை மட்டும் தெரிந்தது.

"மாப்ளே! எங்க நிறுத்தட்டும்?"

நான் வாயைத் திறப்பதற்குள் கென்டல் வந்து நின்றான், கையில் அட்டையும் பேனாவுமாக. அவனை யார் வரச் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. மிர்னா அவனுக்குக் காபி கொண்டுவந்தாள். சர்க்கரை எத்தனை கரண்டி என்றுகூடக் கேட்கவில்லை.

"சீட்டுல ஹெட்விக் அம்மா பேரு இருக்கு," என்றான் கென்டல். "விருந்தாளி தங்கற வண்டி இதுதானே?"

"ஆமாப்பா, இதுலதான் படுப்பேன். என் மெத்தை எனக்கு," என்றார் மாமியார்.

"அப்ப இதுதான் வாசல்ல நிக்கலாம். ஒரு சீட்டுக்கு ஒரு வண்டி. சார், உங்க கேம்பர் பின்னால போகணும்."

"பின்னால இடம்..." என்று ஆரம்பித்தேன்.

"சட்டம்னா சட்டம்தான், ஆர்வில்," என்றாள் மிர்னா, ரொம்ப மரியாதையாக. "நீயே புத்தகம் வாங்கிப் படிச்சவன்."

மூன்று பேரும் பின்பக்கம் நடந்தார்கள். நான் நாலாவதாக, என்னையே அடக்கம் செய்யப் போகிறவன் மாதிரி நடந்தேன். கென்டல் தார்ப்பாயைத் தூக்கினான். உள்ளேயிருந்து ஓர் அணில் வெளியே குதித்து எங்கள் எல்லாரையும் முறைத்துவிட்டுப் போனது.

"சார், இது குப்பை வண்டி."

"வாயைக் கழுவு! இது ஓடும்!"

"ஓட்டிக் காமிங்க. தானா நாலடி நகர்ந்தா நான் நோட்டீஸைக் கிழிச்சுப் போட்டுட்டுப் போயிடறேன்."

ஏறி உட்கார்ந்தேன். கர்த்தரே, இந்த ஒரு தடவை, நாலே நாலு அடி என்று மனசார வேண்டிக்கொண்டு சாவியைத் திருகினேன். 'டிக்' என்றது. மறுபடி திருகினேன். டாஷ்போர்டுக்கு அடியிலிருந்து அணில் சேர்த்து வைத்த வால்நட் கொட்டைகள் படபடவென்று என் மடியில் கொட்டின. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சிரிக்காதீர்கள்.

"பத்து நாள் இருக்குல்ல?" என்றேன் கெஞ்சலாக. "பத்து நாள் குடு கென்டல், கார்புரேட்டரை மட்டும்..."

"பத்து நாள் உண்டு சார். சொந்தக்காரங்க சம்மதிச்சா இன்னிக்கே எடுத்துடலாம்."

"சொந்தக்காரன் நான் சம்மதிக்கல!"

மிர்னா ஏப்ரன் பையிலிருந்து மடித்து வைத்த ஒரு காகிதத்தை எடுத்தாள். வண்டியின் உரிமைப் பத்திரம். பதினோரு வருஷத்துக்கு முன்னால் நான் டிரக்கை ஆசை ஆசையாக வாங்கி வந்த நாள் அவள் பிறந்தநாள். சுத்தமாக மறந்துவிட்டேன். உயிர் தப்ப வேண்டுமே! "உனக்குத்தான் வாங்கினேன், கண்ணு" என்று சொல்லி, மறுநாளே பத்திரத்தையும் அவள் பெயரில் எழுதிச் சிவப்பு ரிப்பன் கட்டிக் கொடுத்திருந்தேன்.

கென்டல் பேனாவை நீட்டினான், மிர்னா கையெழுத்துப் போட்டாள். பழைய இரும்புக்காரன் லாரியோடு தெருமுனையில் அரை மணி நேரமாகக் காத்திருந்தானாம். டிரக்கைச் சங்கிலி போட்டு மேலே ஏற்றி, மிர்னா கையில் எழுபத்தைந்து டாலரைக் கொடுத்துவிட்டு அவன் கிளம்பினான்.

லாரி திரும்பி மறைகிற வரைக்கும் மிர்னா வாசலில் நின்று கையசைத்தாள். பிறகு என் கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்து, அந்தப் பிறந்தநாள் பரிசுக்கு முதல் தடவையாக நன்றி சொன்னாள்.