மகள் படிப்பது காது கொடுக்கவாம்

பதுளை,
1982 ஆகஸ்ட் 20

அன்பும் மரியாதையும் மிக்க மச்சான் ஜுனைதீன் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் தங்கை ஸுபைராவும் நானும் அல்லாஹ்வின் கிருபையால் நலம். ஹல்துமுல்லையில் நீங்கள் எல்லோரும் சுகமாயிருக்க துஆச் செய்கிறோம். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, தலைக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லை.

மகள் ஸவாஹிராவைப் பல்கலைக்கழகம் என்கிற அந்தக் கெம்பஸுக்கு அனுப்பச் சொன்னவர் நீங்கள் என்பதால் உங்களுக்கே எழுதுகிறேன். அவள் டீச்சருக்குப் படிக்கிறாள் என்று நான் பசார் முழுக்கச் சொல்லி வைத்திருக்க, லீவில் வந்த அன்றே, "வாப்பா, இந்த வருஷம் மாணவர் ஆலோசனை எடுத்தீக்கிறேன்" என்றாள். அது என்ன உத்தியோகம் என்றேன். "ஸ்கூல் புள்ளைகள்ட கஷ்டத்தக் கேக்குறது." கேட்டுவிட்டு? "கேக்குறதுதான் வாப்பா." சம்பளம் யார் தருவார்? "இன்னும் அப்பிடியொரு வேலை இங்க இல்ல. நாங்க படிச்சி முடிய வரும்." இல்லாத வேலைக்கு இப்போதே படிக்கிறாள் மச்சான்! அரசாங்க வேலை விளம்பரங்கள் வரும் வர்த்தமானியை வாங்கிக் கடைசிப் பக்கம் வரை தேடினேன். கொசுமருந்து அடிக்க ஆள் எடுக்கிறார்கள், காது கொடுக்க எடுக்கவில்லை.

இதற்கிடையில் பண்டாரவளை மொஹிதீனும் மனைவி ஸகீனாவும் தங்கள் மகனுக்குப் பெண் பார்க்க வந்தார்கள். என்ன படிக்கிறாள் என்று மொஹிதீன் கேட்க, எனக்கு வாய் குழறி, "புத்தி சொல்லப் படிக்கிறா" என்று விட்டேன். அவர் சிரித்து, "அதுக்கு எதுக்குக் கெம்பஸ்? எங்கட ஸகீனா முப்பது வருஷமாச் சும்மாவே சொல்லுறாவே" என்றார். ஸகீனாவின் முகம் சுருங்கியது. மகள் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "நீங்க சொன்னத யாராச்சும் கேட்டாங்களா மாமி?" என்றாள். அவ்வளவுதான். ஸகீனா ஒரு மணி நேரம் பேசினார், அழுதார், மகளைக் கட்டிப்பிடித்தார், போய்விட்டார். சம்பந்தம் சரியா, இல்லையா என்று இன்றுவரை தெரியாது.

பிறகு ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்து வேலாயி, தன் மகள் பாக்கியலெட்சுமியோடு என் துணிக்கடைக்கு வந்தாள். "மொதலாளி, இந்த யூனிபோம் துணிய எடுத்துக்கிட்டு சீலை குடுங்க. பள்ளிக்கூடம் போவ மாட்டேங்குது. கொழுந்தெடுக்கப் பேரு பதியப் போறேன்." ஆலோசனை படித்தவள் இப்போதாவது "படி" என்று ஒரு வார்த்தை சொல்வாள் என்று காத்திருந்தேன். இவள் அந்தப் பிள்ளையைத் துணிக்கட்டுகளுக்கு இடையில் உட்கார வைத்துச் சும்மா இருந்தாள். அரை மணி நேரம் சும்மா! கடைசியில் பிள்ளை விம்மியது: "போர்டுல எழுதுறது ஒண்ணுமே தெரியலக்கா. மக்குன்னு அடிக்கிறாங்க." வேலாயி நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, "ஏண்டி எங்கிட்டச் சொல்லல?" என்றாள். "நீ கேக்கலியே." மகள் அவர்களைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். பிள்ளைக்குக் கண்ணாடி வந்தது. எனக்கு வந்தது வில்லங்கம். மறுவாரம் ஐந்து தாய்மார் பிள்ளைகளோடு வந்து நிற்கிறார்கள். என்ன துணி என்று கேட்டால், "துணி வேணாங்க, கேக்குற அக்கா இருக்காங்களா?" என்கிறார்கள். இது நல்லதா கெட்டதா என்றே எனக்குப் புரியவில்லை.

ஆகவே தயவுசெய்து உடனே புறப்பட்டு வாருங்கள். இந்தப் படிப்பை விட்டுவிட்டு டீச்சர் படிப்புக்கு மாறும்படி நீங்கள்தான் சொல்ல வேண்டும். நான் சொன்னால் கவனமாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள், மாறுகிறாள் இல்லை. மதினிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஸலாம். அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தருவானாக.

இப்படிக்கு,
குழம்பிப்போன மச்சான்
புஹாரி

பி.கு: இதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மகளை ரயிலேற்றப் போனேன். புறப்பட நேரமிருந்ததால் பெட்டிக்குள் ஏறி அவளோடு உட்கார்ந்தேன். "வாப்பா, சின்ன வயசுல நீங்க என்னவா வர நெனச்சீங்க?" என்றாள். இந்த ஐம்பத்தாறு வயது வரை ஒருவரும் என்னைக் கேட்காத கேள்வி. ரயில் எஞ்சின் ஓட்ட ஆசைப்பட்டதையும், ஐந்தாம் வகுப்போடு என்னைக் கடையில் நிறுத்தியதையும் சொல்லத் தொடங்கினேன். ரயில் நகர்ந்தது தெரியவில்லை. அடுத்த ஸ்டேஷன் ஹாலிஎலயில் இறங்கியிருக்கலாம், பேச்சு முடியவில்லை. இன்னும் தள்ளி எல்ல ஸ்டேஷனில்தான் இறங்கினேன். நீங்கள் வர வேண்டாம். அவள் அதையே படிக்கட்டும். கையில் பிளட்போர்ம் டிக்கெட் மட்டும் இருந்ததால் ஸ்டேஷன் மாஸ்டரிடமும் முழுக்கதையையும் சொல்ல வேண்டியதாயிற்று. அந்த மனுஷனுக்குக் கேட்கவே தெரியவில்லை மச்சான்.