வெனிசுக்குப் போகும் வழியில் துணுக்காய்

இனிமேல் சொந்தக்காரர் வீட்டில் ஒரு வாய் தேத்தண்ணிகூடக் குடிப்பதில்லை என்று நான் முடிவெடுத்தபோது, என் கையில் சொந்தக்காரர் வீட்டுத் தேத்தண்ணிதான் இருந்தது. அன்றைக்கு அது எத்தனையாவது கோப்பை என்று எண்ணுவதை மத்தியானமே நிறுத்திவிட்டேன்.

சுவிசில் இருந்து ஒரு மாத லீவில் எங்கள் ஊரான முரசுமோட்டைக்கு வந்திருந்தோம். வெளிநாட்டில் இருந்து வந்தவர்கள் ஒரு வீட்டுக்குப் போய்விட்டு அடுத்த வீட்டை விட்டால், அந்த அடுத்த வீட்டார் எங்கள் செத்த வீட்டுக்கும் வரமாட்டார்கள். ஆகவே ஒரு படலை விடாமல் திறந்து மூடினோம். ஒவ்வொரு வீட்டிலும் தேத்தண்ணி, சோடா, கிறீம் பிஸ்கட். சீனி வேண்டாம் என்றால் இரண்டு கரண்டி போடுவார்கள். எனக்குச் சீனி வருத்தம் என்றால், ஐயோ பாவம் என்று சொல்லி மூன்று கரண்டி போடுவார்கள்.

ஊரில் மட்டும் இப்படியென்றால் பொறுத்துக்கொள்ளலாம். ஐரோப்பாவிலும் எனக்கு இதே விதிதான்.

சுவிசில் நான் பஸ் டிப்போவில் வேலை செய்கிறேன். வெள்ளிக்கிழமை வந்தால் கூட வேலை செய்யும் வெள்ளைக்காரர்கள், சனி ஞாயிறு எங்கே போகிறாய் என்று கேட்பார்கள். நான் பாரிஸ் என்பேன். லண்டன் என்பேன். ஆம்ஸ்டர்டாம் என்பேன். அவர்கள் பெருமூச்சு விடுவார்கள். பாரிஸ் என்றால் என் மனைவி இரஞ்சிதத்தின் சித்தி வீடு. லண்டன் என்றால் அவளுடைய மாமா மகன் வாங்கிய புது வீட்டுக்குக் குடிபூரல். ஆம்ஸ்டர்டாமுக்குப் பூப் பூக்கும் மாதமாகப் பார்த்துத்தான் போனோம். ஆனால் போன காரியம், அவளுடைய சொந்தத்தில் செத்த ஒருவருக்கு முப்பத்தோராம் நாள். இருந்த பூவெல்லாம் அவருடைய படத்துக்குத்தான் போட்டிருந்தது.

ஈபிள் கோபுரத்தை நான் மூன்று தரம் பார்த்திருக்கிறேன். மூன்று தரமும் காருக்குள் இருந்துதான். இரஞ்சிதத்தின் மடியில் சித்திக்குக் கொண்டுபோகிற பயித்தம் பணியாரப் பெட்டி இருக்கும். அதற்கு மேலால் கோபுரத்தின் நுனி தெரியும். கடைசித் தரம் மட்டும், பாவம், பெட்டியைக் கொஞ்சம் கீழே பதித்துப் பிடித்தாள்.

எனக்கென்று ஒரு ஆசை இருந்தது. வெனிஸ். படத்தில் பார்த்திருக்கிறேன். தெரு முழுக்கத் தண்ணீர். ஒருவன் நின்றபடி வள்ளம் வலிக்கிறான். வள்ளத்தில் ஒரு புருசனும் பெண்சாதியும் இருக்கிறார்கள். வேறு யாரும் இல்லை. மச்சாள் இல்லை. மச்சாளின் மாமியாரும் இல்லை. அந்த வள்ளத்தில் இரஞ்சிதத்தோடு ஒருதரம் இருந்துவிட்டால் போதும் என்று பல வருசமாக நினைத்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் இரண்டும் வளர்ந்து எங்களோடு வருவதையே நிறுத்திவிட்டார்கள். இனியும் போகாவிட்டால் எப்போது போவது.

அந்த வியாழக்கிழமை பின்னேரம், கடைசி வீட்டுப் படலையைச் சாத்திவிட்டு வரும் வழியில் கதையைத் தொடங்கினேன்.

"இஞ்ச பாரும். வாற கோடைக்கு நாங்கள் வெனிஸ் போறம். நானும் நீரும். வேற ஒருத்தரும் இல்லை."

"வாற கோடைக்கு டென்மார்க்கில அரங்கேற்றம்."

"ஆர் ஆடுறது?"

"என்ர மச்சாளின்ர மகள்."

"அந்தப் பிள்ளை போன வருசம்தானே டான்ஸ் வகுப்புக்குச் சேர்ந்தது?"

"மண்டபம் கிடைச்சிட்டுது. இனி ஆடத்தானே வேணும்."

எனக்குக் கோபம் வந்தது. றோட்டு என்றும் பாராமல் நின்று சொன்னேன். உமக்குச் சொந்தக்காரர் இல்லாமல் இரண்டு நாள் இருக்க ஏலாது, அது ஒரு வருத்தம், சீனி வருத்தத்தைவிடப் பெரிய வருத்தம் என்றேன்.

"எனக்கோ? உங்களுக்குத்தான் ஏலாது," என்றாள் இரஞ்சிதம்.

நான் சிரித்தேன். "நான் தனிமை விரும்பி. ஆக்களைக் கண்டால் ஒதுங்கிப் போறவன். உம்மட முகத்துக்காகத்தான் இவ்வளவு காலமும் வீடு வீடா ஏறி இறங்கினனான்."

"அப்பிடியோ? அப்ப இந்தச் சனி ஞாயிறு எங்கையாவது போய் இருந்து பாப்பம். நான் ஒருத்தரையும் வரச்சொல்லிக் கூப்பிடமாட்டன். நீங்களும் கூப்பிடாமல் இருந்தால் வெனிஸ். கூப்பிட்டியள் எண்டால் டென்மார்க். பிறகு சாகுமட்டும் பயணத்தைப் பற்றி நீங்கள் வாய் திறக்கக்கூடாது."

எனக்கு அவள்மேல் இரக்கமாக இருந்தது. இவ்வளவு சுகமாக வெனிஸ் கிடைக்கும் என்று தெரிந்திருந்தால் முதல் வருசமே பந்தயம் கட்டியிருப்பேன்.

நாங்கள் தங்கியிருந்தது இரஞ்சிதத்தின் தம்பி தயாபரன் வீட்டில். வயல் செய்கிறான், ஆட்களை ஏற்றி ஓட ஒரு வானும் வைத்திருக்கிறான். நான் எந்தக் கதை சொன்னாலும் முதல் ஆளாகச் சிரிப்பவன் அவன். சில கதைகளுக்கு நான் சொல்லி முடிக்க முதலே சிரித்துவிடுவான். சனிக்கிழமை விடிய நாங்கள் பையோடு வெளிக்கிட, அவன் வாசலில் நின்றான்.

"அத்தான், நாங்களும் வரட்டோ? வான் சும்மாதான் நிக்குது."

"ஒருத்தரும் வரத் தேவையில்லை. ஒரு போன் கோலும் எடுக்கக்கூடாது. நாங்கள் இல்லையெண்டு நினைச்சுக்கொள்ளுங்கோ."

அவன் தலையாட்டினான். அவனுடைய பிள்ளைகளின் முகம் வாடிப்போனது. நான் மனதைக் கல்லாக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

முறிகண்டியில் பஸ் நின்றது. எல்லோரும் இறங்கிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வறுத்த கச்சான் கடலை வாங்கினார்கள். நானும் இறங்கி இரண்டு பேருக்கு மட்டும் அளவாகக் கச்சான் வாங்கினேன். வாழ்க்கையில் முதல்தரம். கடைக்காரிகூட, "இவ்வளவுதானோ?" என்று கேட்டாள். ஓம், இவ்வளவுதான் என்று பெருமையாகச் சொன்னேன். பிறகு மாங்குளத்தில் பஸ் மாறித் துணுக்காய்ப் பக்கம் போய் இறங்கினோம்.

நான் பிடித்து வைத்திருந்த விடுதி ஒரு குளக்கரையில் இருந்தது. இரண்டு அறை, ஒரு விறாந்தை, பின்னால் குசினி. சுற்றிவர வயல். அதைப் பார்த்துக்கொண்டு, சமைத்தும் கொடுப்பவர் பைறூஸ் என்ற முல்லைத்தீவுக்காரர். வந்ததும் வராததுமாக எங்கள் இரண்டு பேருடைய போனையும் அவரிடம் கொடுத்தேன்.

"தம்பி, இதை அலுமாரிக்குள்ள வைச்சுப் பூட்டுங்கோ. நாளைக்குப் பின்னேரம் தந்தால் காணும். சாப்பாடும் உந்தச் சோறு கறி வேண்டாம். வெளிநாட்டு ஹோட்டலில தாற மாதிரி, பாண், பட்டர், ஜாம், அவிச்ச முட்டை. அவ்வளவும் போதும்."

"மூண்டு நேரமும் அதையே குடுங்கோ தம்பி," என்றாள் இரஞ்சிதம். "அவருக்கு அதுதான் விருப்பம். கறி கேட்டாலும் குடுத்திடாதையுங்கோ."

என்னை இவ்வளவு விளங்கிக்கொண்ட மனைவியை நான் அதுவரை கண்டதில்லை.

விறாந்தையில் இரண்டு கதிரை போட்டு இருந்தோம். குளத்தில் கொக்குகள் நின்றன. காற்று வந்தது. மூச்சை நன்றாக இழுத்து விட்டேன்.

"என்ன அமைதி."

"ஓம்."

"ஒரு சத்தம் இல்லை."

"ஓம்."

"ஒருத்தர் வந்து, எப்ப வந்தனீங்கள், எப்ப போறியள் எண்டு கேட்கேல்லை, பாத்தீரோ?"

இரஞ்சிதம் வாயில் விரலை வைத்தாள். "அமைதியா இருக்கத்தானே வந்தனாங்கள்."

அது நியாயம். நானும் அமைதியாக இருந்தேன். கொக்கைப் பார்த்தேன். கொக்கு என்னைப் பார்க்கவில்லை. இரஞ்சிதம் பையில் இருந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்து, காலைத் தூக்கி முன்னால் இருந்த ஸ்டூலில் போட்டுக்கொண்டு வாசிக்கத் தொடங்கினாள். அவள் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு. கல்யாணம் கட்டிய காலம் முதல் அவள் இவ்வளவு ஆறுதலாக இருந்ததை நான் காணவில்லை. பார்க்கச் சந்தோசமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தச் சந்தோசத்தில் எனக்கு ஒரு வேலையும் இருக்கவில்லை.

மத்தியானம் பாண், பட்டர், ஜாம், அவித்த முட்டை வந்தது. குசினிப் பக்கத்தில் இருந்து மீன் பொரிக்கும் வாசமும் வந்தது. பைறூஸ் தனக்குச் சமைக்கிறார். நான் எட்டிப் பார்த்தேன். அவர் என்னைப் பாவமாகப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

சாப்பாடு ருசிக்காவிட்டால் என்ன, கதை ருசிக்கும் என்று நினைத்தேன். என்னிடம் ஒரு கதை இருக்கிறது. சுவிசின் கொத்தாட் மலையில் நடந்தது. இந்த முறை முரசுமோட்டையில் போன வீடெல்லாம் அதைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அது வளர்ந்துகொண்டே போனது. தயாபரனுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது.

"இரஞ்சி, அந்தக் கொத்தாட் மலையில ஒருநாள் பனி கொட்டேக்க…"

"பொலிஸ்காரன்ர கார் சறுக்கி நிண்டிச்சு," என்றாள் புத்தகத்தில் இருந்து கண்ணை எடுக்காமல். "நீங்கள் இறங்கிப்போய்ச் சில்லுக்குச் சங்கிலி போட்டுக் குடுத்தனீங்கள். அவன் உங்களுக்குச் சலூட் அடிச்சவன்."

"நான் இன்னும் சொல்லி முடிக்கேல்லை."

"முடிஞ்சுது. அவன் சலூட் அடிக்கேல்லை. தொப்பியில கிடந்த பனியைத் தட்டினவன். நான் பக்கத்திலதானே இருந்தனான்."

இதுதான் பெண்சாதியோடு தனியாகப் பயணம் போவதில் உள்ள சிக்கல். வெளிநாட்டுப் பயணம் முழுக்க அவளும் கூட வந்திருக்கிறாள். அவளுக்குச் சொல்ல என்னிடம் புதிதாக ஒன்றும் இல்லை. அவளுக்கு முன்னால் பழையதைக் கொஞ்சம் பெரிதாக்கவும் முடியாது.

எழுந்து குசினிக்குப் போனேன். பைறூஸ் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். நல்ல மனிதர், கதை கேட்கிற முகம்.

"தம்பி, சுவிசில கொத்தாட் எண்டு ஒரு மலை இருக்கு. ஒருநாள்…"

"அந்தப் பொலிஸ்காரன் தொப்பி தட்டின கதையோ ஐயா? அக்கா காலமையே சொல்லீட்டா. நல்லாச் சிரிச்சனான்."

திரும்பி வந்து கதிரையில் இருந்தேன். குளத்தைப் பார்த்தேன். குளமும் அப்படியே இருந்தது. இந்த நேரம் முரசுமோட்டையில் என்ன நடக்கும் என்று யோசித்தேன். தயாபரன் வீட்டு முற்றத்தில் கதிரைகளை வட்டமாகப் போட்டிருப்பார்கள். யாராவது மிக்சர் கொண்டுவந்திருப்பார்கள். அத்தான் எங்கே என்று யாராவது கேட்டிருப்பார்கள். கேட்டிருப்பார்களா? கேட்காவிட்டாலோ? மூன்று கரண்டி சீனி போட்ட தேத்தண்ணிகூட ஞாபகத்துக்கு வந்தது. ஒரு வருசம் பனிக்குள் பஸ் கழுவிவிட்டு வருகிறவனுக்கு, அவனைக் கண்டதும் படலைக்கு ஓடிவர நாலு பேர் வேண்டும். அது எனக்குத் துணுக்காய்க் குளக்கரையில்தான் விளங்கியது. அழுகை வரும்போல இருந்தது.

ஆனால் வெனிசையும் விட மனம் வரவில்லை. ஆகவே யோசித்தேன். நன்றாக யோசித்தேன். பந்தயம் என்ன? கூப்பிடக்கூடாது. கூப்பிடுவது வேறு. அவர்களாகத் தற்செயலாக வருவது வேறு. தற்செயலாக வந்தவர்களை நான் என்ன செய்யமுடியும்? வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்ப முடியுமா? வள்ளமும் கிடைக்கும், வானும் வரும். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

"கொஞ்சம் காலாற நடந்திட்டு வாறன்," என்றேன்.

"ஆறுதலாப் போட்டு வாங்கோ," என்றாள் இரஞ்சிதம், பக்கத்தைப் புரட்டியபடி.

விடுதியைச் சுற்றிக்கொண்டு பின்பக்கமாகக் குசினிக்குப் போனேன். பைறூசிடம் மெதுவாக, தம்பி உங்கட போனை ஒருக்கால் தாறியளோ என்று கேட்டேன். ஏன், ஆருக்கு என்று அவர் கேட்கவில்லை. கையைத் துடைத்துவிட்டு எடுத்துத் தந்தார். தென்னைமரத்துக்குப் பின்னால் நின்று, மனப்பாடமாக இருந்த தயாபரனின் நம்பருக்கு அடித்தேன். மணி ஒருதரம் முழுதாக அடிக்கவில்லை, எடுத்துவிட்டான்.

"தயா, நான் அத்தான்."

"சொல்லுங்கோ அத்தான்." பின்னால் ஒரே பிள்ளைகளின் சத்தம்.

"ஒண்டுமில்லை. துணுக்காய்ப் பக்கம் உனக்கு ஏதும் அலுவல் கிடக்கோ?"

"இல்லை அத்தான்."

"நல்லா யோசிச்சுப் பார். உரம் வாங்கிறது, மாடு பாக்கிறது, இப்பிடி ஒண்டும் இல்லையோ?"

"உரம் போட்டாச்சு. மாடு வித்துப்போட்டன்."

"அப்ப ஒரு அலுவலை உண்டாக்கு. வீட்டில இருக்கிற எல்லாரையும் ஏத்திக்கொண்டு வா. பக்கத்து வீட்டாக்களும் வந்தால் பிழையில்லை. ஆனால் ஒண்டு, நான் கோல் எடுத்தது அக்காவுக்குத் தெரியக்கூடாது. நீங்கள் தற்செயலா வந்த மாதிரி இருக்கவேணும். விளங்குதோ?"

"விளங்குது அத்தான்."

"வந்துசேர எவ்வளவு நேரம் எடுக்கும்?"

"கன நேரம் எடுக்காது. நாங்கள் முறிகண்டியில நிக்கிறம்."

போனைக் காதில் இருந்து எடுத்து ஒருதரம் பார்த்தேன். திரும்பக் காதில் வைத்தேன்.

"முறிகண்டியிலயோ? நான் இப்பதானே கூப்பிடுறன்."

"ஓம் அத்தான். அக்கா எங்களைக் கூப்பிடேல்லை. 'சனிக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு அத்தான் கோல் எடுத்துத் தற்செயலா வரச்சொல்லுவார், அதுவரைக்கும் முறிகண்டியைத் தாண்டக்கூடாது' எண்டுதான் வியாழக்கிழமை சொன்னவா. பிள்ளையள் கச்சான் சாப்பிட்டுக் களைச்சுப்போச்சுதுகள். ஏன் அத்தான் இவ்வளவு பிந்தினனீங்கள்?"