ஒன்பதாலை பிரியிற தண்ணி

பென்சன் எடுத்த கையோடை ஒரு பெரிய முடிவெடுத்தன். இனி நான் தண்ணிக்குப் போறேல்லை.

நெடுந்தீவிலை எங்கட வளவுக் கிணறு உப்பு. நல்ல தண்ணிக்கு, சைக்கிள் கரியரிலை ரண்டு பிளாஸ்ரிக் கானைக் கட்டிக்கொண்டு ஒன்றரைக் கட்டை தூரம் மிதிக்கவேணும். அதுவும் எதிர்க்காத்திலை. முப்பது வருசம் கணக்குப் படிப்பிச்ச மனிசன் செய்யிற வேலையே இது? "ஏலாது" எண்டு மனிசி அம்பிகையிட்டைச் சொல்ல எனக்குத் துணிவில்லை. ஆனா கணக்கு இருக்கே.

"இஞ்சேரும், தண்ணிக்கு ஆர் போறதெண்டதை இனி நம்பர் தீர்மானிக்கட்டும். நீர் விரும்பின பெரிய நம்பர் ஒண்டை எழுதும். அதைப் பின்னாலையிருந்து திருப்பி எழுதி, பெரிசிலையிருந்து சின்னனைக் கழிப்பம். வாறதை ஒன்பதாலை பிரிப்பம். மீதி வந்தால் நான் போறன். வராட்டி நீர்."

"மீதி வராமலும் போகுமே?"

"அது உம்மட அதிர்ஷ்டம்."

அதிர்ஷ்டமாவது மண்ணாவது. இலக்கங்களை எப்பிடி இடம் மாத்தினாலும் அதுகளின்ர கூட்டுத்தொகை மாறாது. அதாலை ரண்டு நம்பரையும் ஒன்பதாலை பிரிக்க ஒரே மீதிதான்; கழிக்கேக்க அதுவும் போய், வாறது ஒன்பதாலை பிரிஞ்சே தீரும். கோடிக்கும் அதுதான், கோடானுகோடிக்கும் அதுதான்.

அம்பிகை 73905186 எண்டு எழுதினா. திருப்பினால் 68150937. கழிச்சால் 5754249. பிரிச்சன், மீதி இல்லை. பேசாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனா. அடுத்த நாள் தன்ர அடையாள அட்டை நம்பர். அதுக்கடுத்த நாள் கனடாவிலை இருக்கிற தங்கச்சி அஜந்தாவின்ர ரெலிபோன் நம்பர். எல்லாம் பிரிஞ்சுது. நான் கதிரையிலை சாஞ்சு தேத்தண்ணி குடிச்சன். உண்மையைச் சொன்னால் நெஞ்சுக்குள்ளை கொஞ்சம் உறுத்தினதுதான். தேத்தண்ணி அதைக் கழுவிப்போட்டுது.

ஆறாம் நாள் ஆசை கூடிப்போச்சு.

"ஏன் ஒவ்வொரு நாளும் மினக்கெடுவான்? இண்டைக்கு ஒரே கணக்கிலை ஒரு வருசத்துக்கும் தீர்ப்பம்."

"ஓம். ஆனா பிறகு பேச்சு மாறேலாது. சாட்சி வேணும்."

பக்கத்து வளவுப் பஸ்ரியாம்பிள்ளை அண்ணையைக் கல்மதிலடிக்குக் கூப்பிட்டு, அவருக்கு முன்னாலை சத்தியமும் பண்ணினன்.

"அண்ணை, இவ்வளவு நாளும் இவர் சொன்ன விதி," எண்டா அம்பிகை. "இண்டைக்கு மாத்துவம். மீதி வந்தால் நான் போறன். வராட்டி இவர்."

நான் குறுக்கை விழுந்தன். "அதெப்பிடி? விதியை மாத்தேலாது."

"ஏன் மாஸ்ரர்? எல்லாம் அதிர்ஷ்டம்தானே?" எண்டார் அண்ணை.

களவைச் சொன்னால் மானம் போகும். சொல்லாட்டி முதுகு போகும். முதுகைக் குடுத்தன்.

அண்ணை பன்னிரண்டு இலக்கத்திலை ஒரு நம்பர் சொன்னார். நான் கடைசி முயற்சியா வேணுமெண்டே பிழையாக் கழிச்சு, "மீதி நாலு" எண்டன்.

அம்பிகை கொப்பியை எட்டிப் பார்த்தா. "அஞ்சாம் இடத்திலை கடன் வாங்க மறந்துபோனியள்."

"உமக்கெப்பிடித் தெரியும்?"

"இருபது வருசமா விறாந்தையிலை ரியூசன் நடத்தினனீங்கள். சுவருக்கு இஞ்சாலை குசினியிலை நான் தோசை சுட்டனான். இந்தத் திருப்பிக் கழிக்கிற விளையாட்டை எத்தினை தரம் கேட்டிட்டன்."

"அப்ப ஏன் அஞ்சு நாளும் பேசாமல் தண்ணிக்குப் போனனீர்?"

"நீங்களா வாயாலை ஒரு வருசம் எண்டு சொல்லுமட்டும் பாத்துக்கொண்டிருந்தனான்."

பதினாலு நாள் போச்சு. இன்னும் 351 நாள் கிடக்கு. எதிர்க்காத்திலை மிதிக்கேக்க சும்மா மனசுக்குள்ளை பிரிச்சுப் பார்த்தன். அதுவும் ஒன்பதாலை மீதியில்லாமல் பிரியுது.