தாழ்ப்பாள் கம்பெனியில் பதினாலு பேர்

"பதினாலுன்னு எழுதிக் குடுத்துட்டேன்யா" என்றார் முதலாளி.

மேனேஜர் மறுபடியும் எண்ணிப் பார்த்தார். நாற்காலிகள் பதினாலு இருந்தன. உட்கார ஆட்கள், அவரையும் சேர்த்துப் பதினொன்றுதான்.

"மூணு பேர் போன வருஷமே போயிட்டாங்களே சார்."

"அது எனக்குத் தெரியும். பூட்டுக் கம்பெனி சேர்மனுக்குத் தெரியாது. நாளைக்கு நேர்ல வந்து ஒவ்வொருத்தர்கிட்டயும் பேசப் போறாராம். தலை குறைஞ்சா எல்லாமே பொய்னு எழுந்து போயிடுவார். அப்புறம் ஷட்டரை இறக்க வேண்டியதுதான். உன் நாற்காலியும் சேர்ந்து போயிடும்."

விஷயம் இதுதான். பெரிய பூட்டுக் கம்பெனி ஒன்று இந்தச் சின்னத் தாழ்ப்பாள் கம்பெனியைச் சேர்த்துக்கொள்ளப் போகிறது. பேப்பரில் அதற்கு 'இணைப்பு' என்று போட்டிருந்தார்கள். முதலாளி 'கூட்டணி' என்று சொல்லிக்கொண்டார். வாசலில் இருந்த காவலாளி மட்டும் 'விக்கிறாங்க' என்றார். படிக்காத மனிதர், அவருக்கு நாசூக்கு தெரியாது.

மேனேஜர் தன் நாற்காலியை ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார். சம்பளம் ஒரு பக்கம் இருக்கட்டும், அவர் வீட்டில் நாலு பேருக்கு ஒரே பாத்ரூம். 'வேலைக்குப் போறவங்களுக்குத்தான் முதல்ல' என்று கல்யாணமான புதிதிலேயே சட்டம் போட்டவர் அவர். வேலைக்குப் போகிறவர் அந்த வீட்டில் அவர் ஒருவர்தான். ஆகவே தினமும் முக்கால் மணி நேரம் உள்ளே பாட்டு ஓடும். வெளியே மனைவியும், மாமியாரும், மூன்று வருஷமாகச் சோபாவில் படுத்தபடியே வேலை தேடும் மச்சினனும் துண்டோடு நிற்பார்கள். நாற்காலி போனால் இந்த ராஜாங்கமும் போய்விடும்.

"மூணு பேரை நான் கொண்டு வர்றேன் சார்" என்றார்.

எங்கிருந்து என்று முதலாளி கேட்கவில்லை. கேட்க வேண்டாததைக் கேட்காத சாமர்த்தியம் அவருக்கு உண்டு.

மறுநாள் காலை மூவரும் வந்து இறங்கினார்கள். மனைவி கொள்முதல் பிரிவில், மாமியார் தரப் பரிசோதனையில், மச்சினன் விற்பனையில் உட்கார வைக்கப்பட்டார்கள்.

"யாரும் வாயைத் திறக்கக் கூடாது. என்ன கேட்டாலும் சிரிச்சா போதும்" என்றார் மேனேஜர்.

"எவ்வளவு நேரம் சிரிக்கிறது? தாடை வலிக்காதா?" என்றாள் மாமியார்.

"ஒரு மணி நேரம்தான் அத்தை. என் மானத்தைக் காப்பாத்துங்க."

சேர்மன் வந்தார். ஒல்லியான, அவசரமில்லாத மனிதர். அவர் ஹாலில் கால் வைத்ததுமே மாமியார் ஆரம்பித்துவிட்டாள்.

"மாப்பிள்ளை, அந்த ஃபேனைக் கொஞ்சம் கூட்டி வைங்க. வேர்க்குது."

சேர்மன் நின்றார். "மாப்பிள்ளையா?"

மேனேஜரின் நாக்கு மூளையைக் கேட்காமல் புறப்பட்டது. "எங்க ஆபீஸ்ல அப்படித்தான் சார். சார், மேடமெல்லாம் கிடையாது. எல்லாரையும் உறவு சொல்லித்தான் கூப்பிடுவோம். ஒரே குடும்பம் மாதிரி."

"பிரமாதம். அப்போ உங்க முதலாளியை என்னன்னு கூப்பிடுவீங்க?"

"பெரியப்பா" என்றார் மேனேஜர்.

அவரைவிட இரண்டு வயது சின்னவரான முதலாளிக்குக் குடித்த தண்ணீர் புரையேறியது. கேஷியர் பெண் புத்திசாலி. அந்தக் கணமே எழுந்தாள்.

"பெரியப்பா, நான் கேட்ட ஒரு வாரம் லீவு?"

சேர்மன் பார்த்துக்கொண்டிருந்தார். "எடுத்துக்கம்மா" என்றார் முதலாளி, பல்லைக் கடித்துக்கொண்டு. உடனே மேலும் நாலு பேருக்குப் பெரியப்பா மீது பாசம் பொங்கியது. மேனேஜர் கையைக் காட்டி அவர்களை உட்கார வைத்துவிட்டு, சேர்மனை அவசரமாகக் கொள்முதல் பிரிவுக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

அங்கே அவர் மனைவி மேசையில் கிடந்த பில்லைக் கையில் எடுத்திருந்தாள். சிரிக்கவில்லை.

"ஸ்க்ரூவுக்கு இவ்வளவு விலையா? எந்த ஏமாந்த ஆள் வாங்கினது?"

கீழே கையெழுத்து மேனேஜருடையது. அவள் அதையும் பார்த்துவிட்டாள்.

"அதானே பார்த்தேன்! ஒரு கிலோ வெங்காயம் வாங்க அனுப்பினாலும் இவர் இப்படித்தான் சார். சொன்ன விலையைக் குடுத்துட்டு வந்துடுவார்."

"வெங்காயமா?" என்றார் சேர்மன்.

"ஆபீசுக்கு வெங்காயமும் வாங்குவோம் சார்" என்றார் மேனேஜர். "குடும்பம் மாதிரின்னு சொன்னேனே."

அடுத்தது விற்பனைப் பிரிவு. மச்சினன் மேசையில் தலை வைத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். மேனேஜர் அவன் காலை மிதித்தார்.

"யோசனையில இருக்கார் சார்."

"என்ன யோசனை தம்பி?"

மச்சினன் கண்ணைக் கசக்கினான். "நம்ம தாழ்ப்பாளை ஏன் யாரும் வாங்கறதில்லைன்னு."

மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஏன்?" என்றார் சேர்மன்.

"நான் மூணு வருஷமா வீட்டுலதான் இருக்கேன். கதவைத் தட்டி என்னென்னமோ விக்கிறாங்க. துடைப்பம்கூட விக்கிறாங்க. இதுவரைக்கும் ஒருத்தன் தாழ்ப்பாள்னு சொல்லி வந்ததில்லை. கொண்டு வந்து காட்டினாத்தானே சார் வாங்குவாங்க?"

"வீட்டுலேருந்தேதான் வேலை பார்ப்பார் சார்" என்று மேனேஜர் நடுவில் பாய்ந்தார். "இன்னைக்குத்தான் உங்களுக்காக வந்திருக்கார்." சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.

கடைசியாக மாமியார். கையில் தாழ்ப்பாள். பாவம், சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

"தரம் எப்படி இருக்கு பெரியம்மா?" என்றார் சேர்மன். அவருக்கும் உறவு ஒட்டிக்கொண்டுவிட்டது.

அவளால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. "மழைக்காலம் வந்தா சிக்கும் தம்பி. போன வருஷம் இவர் பாத்ரூம்ல மாட்டிக்கிட்டு ஒரு மணி நேரம் கத்தினார். இதோ, இந்த விளிம்புல லேசா அரம் போட்டுட்டாப் போதும். வீட்டுல நானே தேய்ச்சேன். இப்ப வெண்ணெயாப் போகுது."

சேர்மன் தாழ்ப்பாளை வாங்கி நாலு தடவை தள்ளிப் பார்த்தார்.

"அத்தைக்கு உடம்பு சரியில்லை சார், நாம போகலாம்" என்று மேனேஜர் அவர் முழங்கையைப் பிடித்தார். சேர்மன் அந்தக் கையை ஒரு தடவை பார்த்தார், முகத்தை ஒரு தடவை பார்த்தார், பிறகு நடந்தார்.

வாசலில் முதலாளியிடம், "கையெழுத்துப் போட்டுடலாம் பெரியப்பா" என்றார். முதலாளிக்குக் கண் கலங்கிவிட்டது. மேனேஜர் காரின் கதவைத் திறந்துவிட்டார்.

"ஆபீஸ் நல்ல ஆபீஸ்" என்றார் சேர்மன். "தேறாத கேஸும் இருக்கு. பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு."

"எனக்கும் தெரியும் சார்" என்றார் மேனேஜர், மச்சினன் இருந்த ஜன்னல் பக்கம் கண்ணைக் காட்டி.

"சனிக்கிழமை வீட்டுக்குக் கவர் வரும்" என்று சொல்லிவிட்டு சேர்மன் போனார்.

சனிக்கிழமை சாயங்காலம் கவர் வந்தது. மூன்று கவர்கள். மனைவிக்கு ஒன்று, மாமியாருக்கு ஒன்று, மச்சினனுக்கு ஒன்று. மேனேஜர் கூரியர்காரரின் பையை எட்டிப் பார்த்துக்கூடக் கேட்டார். அவர் பேருக்கு ஒன்றுமில்லை.

அப்பாடா என்றிருந்தது அவருக்கு. கூடவே அந்த மூவர் மீதும் நிஜமாகவே இரக்கம் வந்தது. ஒரு நாள் வேலை பார்த்தவர்களை நிறுத்துவதற்குக் கவர் வேறா?

"பிரிக்காதீங்க" என்றார். "வேண்டாம்கிறதையே அழகா எழுதியிருப்பாங்க. படிச்சா மனசு கஷ்டப்படும். எனக்கு மட்டும் வரலை பார்த்தீங்களா? அதுதான் அனுபவம்கிறது."

கவர்களை அலமாரியின் மேல்தட்டில் வைத்தார். முதலாளியுடன் சந்தோஷத்தைப் பகிர்ந்துகொள்ளப் போன் போட்டார். அவர் எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் எடுக்கவில்லை. கொண்டாட்டத்தில் இருக்கிறார் போலும்.

திங்கட்கிழமை காலை ஏழு மணி. பாத்ரூமில் பாட்டு இரண்டாவது சரணத்துக்கு வந்திருந்தது. மேனேஜர் தலை நிறைய நுரையோடு இருந்தபோது கதவு படபடவென்று தட்டப்பட்டது.

"யாரது? வேலைக்குப் போறவங்களுக்குத்தான் முதல்லன்னு எத்தனை தடவை சொல்றது?"

"அதனாலதான் மாமா தட்டறேன்" என்றான் மச்சினன். "கவரைப் பிரிச்சுட்டோம், கவர் வந்தவங்களுக்குத்தான் இனிமே வேலையாம், வேலைக்குப் போறவங்க மூணு பேரும் வெளிய நிக்கிறோம், நீங்க வந்து சோபால படுங்க, அப்புறம் நிதானமாக் குளிச்சுக்கலாம்."