ஜப்பான் கோப்பைக்குள் இருந்தவள்

எனக்குப் பேய் நம்பிக்கை கிடையாது. இதை முதலிலேயே எழுதிவைக்கிறேன். கடைசியில் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

ஐம்பதுகளின் நடுவில், இலங்கை மலையகத்தில், டயகமப் பக்கத்துத் தோட்டத் தொழிற்சாலையில் தேயிலை பக்குவம் பார்க்கும் உதவி டீமேக்கராக ஐந்து மாதம் முடித்திருந்தேன். ஆறாவது மாதம் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைக்குப் பிடித்தால் வேலை நிரந்தரம், இல்லையென்றால் வீடு. துரை தேயிலையைச் சுவைத்துப் பார்க்க வரவிருந்த காலையில், வரிசையாக வைக்க வேண்டிய ஆறு வெள்ளைக் கோப்பைகளில் ஒன்றை உடைத்தேன். துரை பங்களாச் சமையல்காரர் ராமு அப்புவிடம் ஓடினேன். அவர் பழைய வெள்ளைக் கோப்பை ஒன்றைத் துணியில் சுற்றித் தந்தார்.

“துரைசானியோட ஜப்பான் சாமான், தம்பி. அவங்க மாமியா வச்சிருந்தது. ஒடைச்சீங்க, ரெண்டு பேரும் ஒரே பஸ்ஸுலதான் போவணும்.”

முட்டை ஓடுபோல மெல்லிய பீங்கான். பூவில்லை, கோடில்லை. கழுவி, கறை இருக்கிறதா என்று ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கினேன். வெளியே பனிமூட்டம் கண்ணாடியை ஒட்டி நின்றது.

கோப்பையின் அடியில் ஒரு பெண்முகம். உயர்ந்த கொண்டை, பாதி திறந்த கண்கள்.

தாழ்த்தினேன், இல்லை. தூக்கினேன், இருந்தாள். (எதையும் மூன்று முறை சரிபார்ப்பது என் வழக்கம்.) மூன்றாம் முறை அவள் என்னைப் பார்த்தாள்.

துரைசானியின் செத்துப்போன மாமியார்தான் என்று முடிவுசெய்தேன். கதவைச் சாத்தி, கோப்பைக்குச் சூடம் காட்டி, விபூதி பூசித் துடைத்து, வரிசையில் ஆறாவதாக வைத்தேன். தேயிலை எந்த வாசத்தையும் இழுத்துக்கொள்ளும் என்பது இந்த வேலையில் முதல் நாள் பாடம். சுவைக்க வைத்திருந்த தேயிலை முழுதும் அதே அறையில் திறந்து கிடந்தும் எனக்கு அது ஞாபகம் வரவில்லை.

துரை முதல் கோப்பையை உறிஞ்சித் துப்பினார். இரண்டாவதையும் துப்பினார்.

“என்னா இது? டீயா, கோயிலா?”

“துரை... ஒங்க அம்மா இந்தக் கோப்பைக்குள்ள இருக்காங்க.”

“என் அம்மா சீமையில உசிரோட இருக்கு!”

ஆறாவது கோப்பையைக் காலிசெய்து ஜன்னலுக்கு நேரே பிடித்தார். பீங்கானின் அடியை ஓரிடத்தில் மெல்லிசாகவும் ஓரிடத்தில் தடிப்பாகவும் செய்திருக்கிறார்கள். வெளிச்சம் ஊடுருவும்போது உருவம் தெரியும் என்றார். எனக்கும் காட்டினார்.

அப்போது அவள் கண்கள் முழுதாக மூடியிருந்தன. அவள் என்னைப் பார்த்தது, பிறகு கண் மூடியிருந்தது, அன்றைய நாட்குறிப்பில் இரண்டையும் எழுதியிருக்கிறேன்.

துரை என்னை வீட்டுக்கு அனுப்பவில்லை; மறுநாளே மூக்குக்கு வேலையில்லாத இடமென்று ஆபீசுக்கு மாற்றினார். டீமேக்கர் ஆகவேண்டிய நான் கிளாக்கராகவே நின்றுவிட்டேன்.

இன்றும் என் மகள் தேநீர் ஊற்றுவதற்கு முன் கோப்பையை ஜன்னலில் தூக்கிப் பார்க்கிறாள்.

“யாரும் இல்லப்பா. குடிங்க.”

எல்லாரும் சிரிக்கிறார்கள். நானும் சிரித்துக்கொண்டே கோப்பையை வாங்கி, இன்னும் இரண்டு முறை பார்த்துக்கொள்கிறேன்.